கால்பந்தாட்டமும் தொலைக்காட்சி வருணனையும்

பாரதப் போர் நிகழ்ந்த நாட்களில் திருதராட்டிரன் களத்திற்குச் செல்லவில்லை. கண்டு அறியக் கண்ணும் அவனுக்கு இல்லை. களத்தில் நடந்தவற்றைச் சஞ்சயன் அவனுக்கு எடுத்துரைத்தான். தேர் எப்பக்கம் திரும்பியது, அம்பு யார்மேல் பாய்ந்தது, வீழ்ந்தவன் யார் என்பவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டிய கடமை அவனுக்கு இருந்தது. கேட்பவன் காணாதவன் ஆதலின் அது தகும். அதே அரசன் கண் பெற்றவனாய்க் களத்தின் எதிரே அமர்ந்திருந்தால், சஞ்சயன் எதைச் சொல்லியிருப்பான்? எதைச் சொல்லாமல் விட்டிருப்பான்?

தொலைக்காட்சியில் கால்பந்தாட்டம் பார்ப்போர் இன்று பல நாடுகளில் கூறிவரும் குறை ஒன்று உண்டு. வருணனையாளர் ஓயாது பேசுகிறார். கண்முன் நடப்பதையே திரும்பச் சொல்கிறார். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க, வேறு கதை பேசுகிறார். சிறு நிகழ்ச்சிக்கும் பெருங்கூச்சல் எழுப்புகிறார் என்பதே அக்குறை. ஒலியை அடக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்போரும் உளர். இது முதியோரின் வெறும் முணுமுணுப்பா, அன்றி உண்மையான தேய்வா என்பதை அறிய, வருணனைக் கலை வளர்ந்த இங்கிலாந்து நாட்டையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அங்கு வானொலியில் நேர்முக வருணனை 1927ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தொடங்கிற்று. முதலில் ஒரு ரக்பி ஆட்டம்; அடுத்த வாரம், 22ஆம் நாள், லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் குழுவும் ஷெபீல்டு யுனைடெட் குழுவும் ஆடிய கால்பந்தாட்டம். இரண்டையும் வருணித்தவர் டெடி வேக்லாம் என்பவர். அவர் முதன்முதல் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தபோது, பார்வையிழந்த ஒருவரை அருகே இருத்தி, அவருக்கு விளங்குமாறு சொன்னாற் போதும் என்றனராம் நிலையத்தார். இதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை. கால்பந்து மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, எண்ணிட்ட படம் ஒன்றை 'ரேடியோ டைம்ஸ்' இதழ் வெளியிட்டது. வேக்லாம் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போக, பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணை மட்டும் மற்றொரு குரல் இடையிடையே கூறும். வீட்டிலிருந்தவர் படத்தைப் பார்த்துப் பந்தைப் பின்தொடர முடிந்தது. காணாதவனுக்குக் காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடுகள் இவை.

பத்து ஆண்டுகள் கழித்துப் படமே வந்துவிட்டது. 1937 செப்டம்பரில் அதே ஹைபரி மைதானத்தில் சோதனையாக ஓர் ஆட்டம் ஒளிபரப்பாயிற்று. 1938 ஏப்ரல் 30ஆம் நாள் எப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம் முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. வருணித்தவர் தாமஸ் உட்ரூப். கூடுதல் நேரமும் முடியும் தறுவாயில் கோல் ஒன்றும் விழாதிருக்கவே, இனிக் கோல் விழுந்தால் என் தொப்பியைத் தின்பேன் என்றார் அவர். சற்றைக்கெல்லாம் பிரஸ்டன் குழுவுக்குப் பெனால்டி கிடைத்தது. ஜார்ஜ் மட்ச் அதைக் கோலாக்கினார். தொப்பி வடிவில் செய்த இனிப்பைத் தின்று உட்ரூப் தம் சொல்லைக் காத்துக்கொண்டார் என்பர். பழைய வருணனையாளர் எல்லாரும் பிழையற்றவர் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்க.

ஆயினும் அவர்களுள் சிறந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்கள். படம் தருவதைச் சொல் மீண்டும் தர வேண்டியதில்லை. படம் தராததையே சொல் தர வேண்டும் என்பது அது. 1966 ஜூலை 30ஆம் நாள் வெம்பிளியில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். இங்கிலாந்து மூன்று கோலும் மேற்கு ஜெர்மனி இரண்டு கோலும் பெற்றிருந்த கடைசி நொடிகளில், சிலர் மைதானத்துக்குள் ஓடிவருகின்றனர். பார்ப்பவன் மனத்தில் எழும் ஐயம், இவர்கள் ஏன் ஓடிவருகிறார்கள் என்பது. கென்னத் உல்ஸ்டன்ஹோம் அதற்கு மட்டும் விடை கூறினார்: எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்று. அதே நொடியில் ஜெப் ஹர்ஸ்ட் நான்காம் கோலை அடித்தார். இப்போது முடிந்தது என்று ஒரு சிறு தொடரைச் சேர்த்தார் வருணனையாளர். பந்து எப்படிப் போயிற்று, வலை எப்படி அசைந்தது என்று அவர் விரிக்கவில்லை. அதைத்தான் எல்லாரும் கண்டார்களே!

வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கோலைக்கொண்டு காட்டலாம். 1986 ஜூன் 22ஆம் நாள், மெக்சிகோ நகரில் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினாவின் மாரடோனா தம் அணியின் பாதியிலிருந்து பந்தைக் கொண்டுசென்று, ஒருவர்பின் ஒருவராக எதிரிகளைக் கடந்து கோல் அடித்தார். வானொலியில் வருணித்த விக்டர் ஹியூகோ மொராலஸ் கட்டுமீறிப் போனார், அழுதார், இறைவனுக்கு நன்றி கூறினார், எந்தக் கோளிலிருந்து வந்தாய் என்று வியந்தார், அண்டவெளியில் பறக்கும் காற்றாடி என்று ஆட்டக்காரரை அழைத்தார். காணாதவர்க்கு அந்த வியப்பை ஊட்ட அத்தனை சொல்லும் வேண்டியிருந்தன. பி.பி.சி. தொலைக்காட்சியில் அதே கோலை வருணித்த பாரி டேவிஸ், மாபெரும் ஆட்டம் என்று ஒப்புக்கொண்டே தீரவேண்டும் என்னும் கருத்தில் ஒரு சிறு வாக்கியம் சொன்னார். தோற்றுக்கொண்டிருந்தது அவருடைய நாடு என்பதை நினைத்தால், அச்சிறு வாக்கியத்தின் நேர்மை விளங்கும். இரண்டும் சிறந்த வருணனைகளே. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் இரண்டும் கெடும். இன்றைய தொலைக்காட்சியில் பெரும்பாலும் நிகழ்வது இந்த இடமாற்றம்தான்.

இது ஏன் நேர்ந்தது? 1983ஆம் ஆண்டு வரையில் இங்கிலாந்தின் லீக் ஆட்டங்கள் நேரடியாக ஒளிபரப்பாவது மிக அரிது. 1964இல் தொடங்கிய 'மேட்ச் ஆப் தி டே' முதலிய நிகழ்ச்சிகளில் ஆட்டத்தின் சிறந்த பகுதிகளை மட்டும் தொகுத்து இரவில் காட்டினர். 1992இல் பிரீமியர் லீக் பிறந்தது. ஸ்கை நிறுவனம் கட்டணத் தொலைக்காட்சியில் ஆண்டுக்கு 60 ஆட்டங்களை நேரடியாகக் காட்டத் தொடங்கியது. இன்று அத்தொகை 200க்கும் மேல். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய பண்டத்தை விற்றாக வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆட்டமும் வரலாறு காணாத ஆட்டமாக்கப்படுகிறது. மௌனம் நேர்ந்தால் பார்ப்பவர் வேறு நிகழ்ச்சிக்குத் தாவிவிடுவாரோ என்னும் அச்சமும் இதனுள் இருக்கிறது என்பது என் கருத்து.

இரண்டாவது குரலையும் கருத வேண்டும். முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் வருணனையாளரின் அருகே அமர்வது நன்மையே. தடுப்பாட்டக்காரர் இரண்டு அடி முன்னே நின்றதனால் கோல் விழுந்தது என்பதை ஆடிப் பழகிய கண்தான் உடனே காணும். ஆனால் அவர் அக்காரணத்தைச் சொல்லாமல், மறுபடியும் காட்டப்படும் படத்தை மறுபடியும் சொற்களில் கூறினால், கூறியது கூறல் என்று நம் இலக்கணத்தார் ஒதுக்கிய குற்றம் முழு உருவில் வந்து நிற்கும். புள்ளிவிவரமும் அவ்வாறே. ஒருவர் ஐம்பது முறை பந்தைத் தம் அணியினர்க்கு அனுப்பினார் என்ற எண் தனியே எதையும் உணர்த்தாது. முன்னோக்கி அனுப்பினாரா, அஞ்சிப் பின்னோக்கி அனுப்பினாரா என்பதன்றோ பொருள்?

மைதானத்திற்கே செல்லாமல், தொலைவிலுள்ள அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு வருணிக்கும் வழக்கமும் பெருகியிருக்கிறது. செலவு குறையும், உண்மைதான். ஆனால் கேமரா காட்டாத மூலையில் மாற்று ஆட்டக்காரர் ஆயத்தமாவதையும், பயிற்சியாளர் கையசைத்து அணியின் அமைப்பை மாற்றுவதையும் அவர் எங்ஙனம் காண்பார்? பார்ப்பவன் காண்பதையே தாமும் காண்பவர், அவனுக்குப் புதிதாக எதைச் சொல்லமுடியும்? இக்குறைக்கு வருணனையாளரைப் பழிப்பது முறையன்று. அவரை அங்கே அமர்த்தியவரையே கேட்க வேண்டும்.

குறை கூறுவோர் பக்கமும் நாம் நடுநிலையோடு நோக்குவோம். பழைய வருணனையில் இன்று நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பொறுக்கியெடுத்த மணிகள். சலிப்பூட்டிய மணிநேரங்களை யாரும் போற்றி வைக்கவில்லை. முன்கூட்டியே சொற்றொடர் சமைத்து வருவதும் இன்று தோன்றிய வழக்கம் அன்று. 1977 கோப்பை இறுதி ஆட்டத்தில் வென்ற மான்செஸ்டர் யுனைடெட் தலைவரின் பெயர் பக்கன். கோப்பையைப் பெற ஏறவேண்டிய படிகள் முப்பத்தொன்பது. ஜான் பக்கன் எழுதிய புகழ்பெற்ற நாவலின் தலைப்பிலும் முப்பத்தொன்பது படிகள். ஜான் மோட்சன் இப்பொருத்தத்தை விடவில்லை. ஆயினும் ஆட்டம் முடிந்து, தலைவர் படியேறும் வேளையில்தான் அதைச் சொன்னார். மேலும், குறைகளுள் சில வெறும் காழ்ப்பு. 2007இல் ஜாக்கி ஓட்லி 'மேட்ச் ஆப் தி டே' நிகழ்ச்சியின் முதல் பெண் வருணனையாளராகப் போகிறார் என்றவுடன், அவர் வாய்திறக்கும் முன்னரே எதிர்ப்பு எழுந்தது. அதைச் சுவையறிந்தோர் கூறும் குறையோடு சேர்த்து எண்ணலாகாது.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்குச் செய்தி என்று சிலர் கருதலாம். ஓயாத சொல் இரண்டு பொருள்களை மறைக்கிறது. ஒன்று, பார்ப்பவனின் சொந்தத் தீர்ப்பு. இது சிறந்த கோல், இது மோசமான தவறு என்று முந்திக்கொண்டு ஒருவர் சொல்லிவிடுவதால், இளைஞன் தானே கண்டு தேறும் பழக்கம் தளர்கிறது. மற்றொன்று, கூட்டத்தின் ஒலி. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் இங்கிலாந்தின் ஆட்டங்கள் ஜூன் 17 முதல் ஆளற்ற மைதானங்களில் நடந்தன. கூட்டத்தின் ஆரவாரத்தைச் செயற்கையாகச் சேர்த்து ஒலிபரப்பினர். அதை விலக்கிக் கேட்டவர்களுக்கு ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூவி அழைப்பதும், பந்தை உதைக்கும் ஓசையும் தெளிவாகக் கேட்டன. எந்த வருணனையாளரும் சொல்லாத பலவற்றை அவ்வொலிகள் சொல்லின.

மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். 1986ஆம் ஆண்டின் அந்தக் கோல் பதிவுகளில் கிடைக்கிறது. ஒருமுறை ஒலியின்றிப் பாருங்கள். மறுமுறை டேவிசின் குரலோடு பாருங்கள். மூன்றாம் முறை கண்களை மூடிக்கொண்டு மொராலசின் குரலை மட்டும் கேளுங்கள். ஸ்பானிய மொழி தெரியாவிட்டாலும் குற்றமில்லை. பிறகு அண்மையில் ஒளிபரப்பான ஆட்டம் ஒன்றில் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு, படத்தில் இல்லாத செய்தியைத் தந்த வாக்கியங்கள் எத்தனை என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்.