ஓரம் சொல்லும் வயது

தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமான ஓர் அட்டை. ஆரஞ்சு நிறப் பின்னணியில் ஒரு பேஸ்பால் வீரரின் மார்பளவுப் படம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஹோனஸ் வாக்னர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் இப்படிப்பட்ட அட்டைகளைச் செருகி விற்றது. பாக்கெட் நசுங்காமல் தாங்கியது, வாங்குபவரைத் திரும்ப வரவும் வைத்தது. சேகரிப்பாளர்கள் இந்த வரிசைக்கு வைத்த பெயர் டி206. அதில் வாக்னரின் அட்டை மட்டும் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் அதற்காகச் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பார்கள் சிலர். பணம் தராததால் மறுத்தார் என்பார்கள் வேறு சிலர். இன்று மிஞ்சியிருப்பவை ஐம்பது, அறுபதுதான்.

அவற்றில் ஒன்று, நேற்று அச்சானதுபோல் கூரிய மூலைகளோடு 1985இல் வெளிப்பட்டது. பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 25,000 டாலருக்கு வாங்கினார். 1991இல் அதையே ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு ஏலம் எடுத்தார்கள். அந்த அட்டைக்கு, அட்டைகளின் தரத்தை மதிப்பிடும் பி.எஸ்.ஏ. நிறுவனம் பத்துக்கு எட்டு மதிப்பெண் தந்தது. அந்நிறுவனத்தின் தரச்சான்று வரிசையில் முதல் எண் அதற்குத்தான். 2007இல் விலை 28 லட்சம் டாலர். 2013இல் மாஸ்ட்ரோ, ஏல மோசடி வழக்கொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த வாக்னர் அட்டையின் பக்க ஓரங்களைத் தான் நறுக்கியதையும் ஒப்புக்கொண்டார்.

நறுக்கினால் என்ன லாபம்? நூறாண்டுகள் கைபட்ட அட்டையில் முதலில் மழுங்குவது மூலை. இடப்பக்கம் அரை மில்லிமீட்டர், வலப்பக்கம் அரை மில்லிமீட்டர் சீவினால் போதும், நான்கு மூலைகளும் ஒரே நேரத்தில் புதிதாகக் கூர்மையாகிவிடும். அரை மில்லிமீட்டர் என்பது ஏழெட்டுத் தலைமுடிகளை அடுக்கிய தடிமன்தான். அந்தச் சீவலுக்குள் லட்சக்கணக்கான டாலர் ஒளிந்திருக்கிறது.

அளவுகோலை வைத்துப் பிடித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அந்நாளில் பெரிய தாள்களில் அச்சிட்டு, அடுக்கி வைத்து, வெட்டுக்கத்தியால் துண்டாக்கினார்கள். கத்தி சற்றே விலகி இறங்கினால் ஓர் அட்டை அகலமாகவும், பக்கத்து அட்டை ஒடுங்கியும் பிறக்கும். எனவே அளவு குறைந்த அட்டை நிரபராதியாக இருக்கலாம். அளவு சரியாக இருப்பது குற்றவாளியாக இருக்கலாம். பிறக்கும்போதே அகலமாகப் பிறந்த அட்டை, நறுக்குபவருக்குக் கிடைத்த வரம். சீவிய பிறகும் அது சரியான அளவில் நிற்கும்.

ஆகவே நிபுணர்கள் அட்டையின் முகத்தைவிட அதன் விளிம்பை அதிகம் பார்க்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே விளிம்பு ஒரு நிலப்பரப்பாக விரிகிறது. ஆலைக் கத்தி அடுக்கை அழுத்திக்கொண்டு இறங்கியதால் மேல் விளிம்பு லேசாக உள்வளைந்திருக்கும். அடி விளிம்பில் நார்கள் சற்றுத் துருத்தியிருக்கும். தனி அட்டையைச் சவர பிளேடால் சீவினால் இந்தச் சுவடுகள் அழிந்துபோகும். விளிம்பு வழவழப்பாகவோ, கை நடுக்கத்தில் மெல்ல நெளிந்தோ இருக்கும்.

அடுத்த சாட்சி நிறம். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் (மரத்துக்கு விறைப்பு தருவது) காற்றும் ஒளியும் பட்டுப் பழுப்பாகிறது. பழைய செய்தித்தாள் மஞ்சளாவது இதனால்தான். நான்கு விளிம்புகளும் ஒரே காலத்தைக் கடந்தவை என்றால் நான்கும் ஏறத்தாழ ஒரே பழுப்பில் இருக்க வேண்டும். இரண்டு மட்டும் வெளிறியிருந்தால், அவற்றின் வயது வேறு.

புற ஊதா விளக்கும் உதவுகிறது. தாளைப் பளிச்சென்று காட்டும் ஒளிரூட்டிகள் காகிதத் தொழிலில் பரவியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். 1909ஆம் ஆண்டு அட்டையின் மூலை அந்த விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால், யாரோ பிற்காலத் தாள்கூழை வைத்து மூலையைக் கட்டி எழுப்பியிருக்கக்கூடும்.

எல்லா நறுக்கலும் குற்றமில்லை. 1960களின் தொடக்கத்தில் போஸ்ட் நிறுவனம் தானிய உணவுப் பெட்டிகளின் பின்புறத்தில் வீரர் அட்டைகளை அச்சிட்டது. கத்தரிக்கோலால் வெட்டியது வீட்டுப் பிள்ளைகளின் கைகள். கோணல் வெட்டு அங்கே அதன் பிறவிக்குறி.

நறுக்கிய டி206 அட்டை போலி ஆகாது என்பதே என் தீர்ப்பு. அதன் மை உண்மை, தாள் உண்மை. பொய்யானது ஒன்றே: நூறாண்டுகளை இந்த விளிம்போடு கடந்தேன் என்று அது சொல்வது. சான்று தரும் நிறுவனங்கள் இத்தகைய அட்டைக்கு எண் தருவதில்லை. அசல், ஆனால் மாற்றப்பட்டது என்று எழுதுவதுதான் வழக்கம். விற்பவர் அதை மறைத்தால் அது மோசடி. சொல்லி விற்றால் நேர்மையான வியாபாரம்.

மாஸ்ட்ரோவுக்கு 2015இல் 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பத்துக்கு வெறும் மூன்று மதிப்பெண் பெற்ற வேறொரு வாக்னர் அட்டை 2021இல் 66 லட்சம் டாலருக்கு விலைபோனது.