உஷார்! பிராக் நகரத்தில் அண்ணாந்து பார்க்கும் முன்…

பிராக் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். பெட்டி கட்டுவது அப்புறம். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

செக் குடியரசின் தலைநகரம் அது. இரண்டாம் உலகப் போரின் குண்டுகளுக்குப் பெரும்பாலும் தப்பிவிட்ட ஊர் என்பதால், நூற்றாண்டுகள் கண்ட கோபுரங்களும் வளைவுகளும் இன்றும் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. 1357-ல் நான்காம் சார்லஸ் அரசர் கட்டத் தொடங்கிய கல் பாலத்தில் இன்றைக்கும் நடக்கலாம். 1344-ல் தொடங்கிய செயின்ட் வைட்டஸ் பேராலயத்தைக் கட்டி முடிக்க 1929 வரை ஆனது. பார்க்க வேண்டிய ஊர்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த அழகில்தான் ஆபத்தே இருக்கிறது. கோபுரத்தைப் பார்க்கத் தலை நிமிர்கிறது. பையைப் பிடித்திருந்த கை தளர்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவர், கணவரோடு இரண்டு நாள் பிராக் சுற்றலாம் என்று கிளம்பினார். பழைய நகரச் சதுக்கத்தில், டவுன் ஹால் சுவரில், 1410-ல் வைத்த வானியல் கடிகாரம் இருக்கிறது. காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கு ஒருமுறை அதில் பொம்மைகள் அசையும். முழு மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே கூட்டம் நெருக்கியடித்து நின்றுவிடும். இவர்களும் நின்றார்கள். கணவர் கையில் போன், வீடியோ ஓடுகிறது. டீச்சரின் தோள்பை முதுகுப் பக்கம் நழுவிப்போயிருந்தது. எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்தது. மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள் திறந்து, இயேசுவின் சீடர்கள் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து போனார்கள். சேவல் கூவியது. மணி அடித்தது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பையை முன்னால் இழுத்தார். ஜிப் திறந்து கிடந்தது. பணம் போனால் போகட்டும். இரண்டு பாஸ்போர்ட்டும் போயிருந்தன!

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தக் கடிகாரத்தின் பக்கத்திலேயே பணப்பையை இறுகப் பிடித்தபடி ஒரு கஞ்சன் பொம்மை நிற்கிறது. இத்தனை காலமாக அவன் பையை விடவில்லை. கீழே நிற்கும் நாம்தான் விட்டுவிடுகிறோம்.

அதற்குப் பிறகு பட்ட பாடு கொஞ்சமா? போலீஸில் மொழி தெரியாமல் புகார். வார இறுதி என்பதால் இந்தியத் தூதரகம் திறக்கும் வரை காத்திருப்பு. ஷெங்கன் விசா ஒட்டியிருந்த பாஸ்போர்ட்டே இல்லை. அவசரச் சான்றிதழ் என்று ஒரு தாள் தருவார்கள், அது இந்தியா திரும்புவதற்கு மட்டும்தான். அடுத்துப் போகவிருந்த பாரிஸ் பயணம் ரத்து. மகள் வீட்டுக்குக்கூடத் திரும்பிப் போகாமல் நேரே விமானம் ஏறினார்கள்.

எப்போது சுதாரிக்க வேண்டும் தெரியுமா?

கூட்டமே இல்லாத இடத்தில் ஒருவர் உங்களை உரசி நின்றால். கோட்டைக் கழற்றிக் கைமேல் போட்டுக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே வந்தால். முன்னால் போகிறவர் டிராம் படியில் காரணமில்லாமல் நின்றுவிட, பின்னால் இருப்பவர் நெருக்கினால். பிராக் கோட்டைக்குப் போகும் 22-ஆம் எண் டிராமில் இது சகஜம். பையை வயிற்றுக்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான், இருந்துவிட்டுப் போகட்டும்!

"போலீஸ்" என்று சொல்லி பர்ஸைக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்!

முதலில் ஒருவன் வந்து வழி கேட்பான், அல்லது பணம் மாற்ற வேண்டுமா என்பான். அடுத்த நொடியே சாதாரண உடையில் இரண்டு பேர் வந்து எதையோ கார்டு மாதிரிக் காட்டி, "கள்ள நோட்டு சோதனை, பர்ஸைக் காட்டு" என்பார்கள். மூவரும் ஒரே கூட்டம். உண்மையான போலீஸ் நடுத்தெருவில் உங்கள் பர்ஸை வாங்கி எண்ணிப் பார்க்காது. "ஸ்டேஷனுக்குப் போகலாம், வாங்க" என்று சொல்லுங்கள். அங்கேயே நின்று 158-ஐ அழையுங்கள். ஆட்கள் கரைந்துவிடுவார்கள்.

பணம் மாற்றும் இடம்தான் பெரிய பள்ளம்!

செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனாதான். இதுவே பலருக்குத் தெரியாது. "கமிஷன் 0%" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் கடையைப் பார்த்து மயங்காதீர்கள். கமிஷன் இல்லைதான், ஆனால் மாற்று விகிதத்திலேயே கறந்துவிடுவார்கள். பணத்தை நீட்டும் முன், "என் 100 யூரோவுக்கு எத்தனை கொருனா கைக்கு வரும்?" என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். 2019-லிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: 1000 யூரோ மதிப்பு வரைக்கும், மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் அந்த மாற்றத்தையே ரத்து செய்யலாம். கடைக்காரர் தானாக வந்து இதைச் சொல்வாரா என்ன?

தெருவில் "நல்ல ரேட்" என்று கிசுகிசுப்பவனிடம் பேச்சே வேண்டாம். செல்லாத பழைய பெலாரஸ் ரூபிளைக் கையில் திணித்துவிட்டு ஓடிய கதைகள் ஏராளம். 100 கொருனா நோட்டில், பாலம் கட்டத் தொடங்கினாரே, அந்த நான்காம் சார்லஸின் முகம் இருக்கும். ரஷ்ய எழுத்துப் போல ஏதாவது தெரிந்தால் அது கொருனாவே இல்லை!

ஏடிஎம்மிலும் ஒரு பொறி உண்டு. "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடவா?" என்று திரை கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். உள்ளூர்ப் பணத்திலேயே எடுங்கள்.

சதுக்கத்துக் கடைகளில் நெருப்பில் வாட்டும் பன்றித் தொடைக்கறி வாசனை ஆளை இழுக்கும். போர்டில் விலை பெரிதாக இருக்கும், "100 கிராம்" என்பது பொடி எழுத்தில் இருக்கும். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் முந்நூறு, நானூறு கிராம் வெட்டித் தட்டில் வைத்துவிடுவார்கள். எடையை முதலில் சொல்லுங்கள். சர்க்கரை தூவிய உருளை ரொட்டியைப் "பழங்காலப் பலகாரம்" என்று விற்பார்கள். அது சுற்றுலாக்காரர்களுக்காக அண்மையில் வந்த பண்டம், பெரிய ஆபத்தில்லை, சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கால் பத்திரம்!

அந்த ஊர்த் தெருக்கள் கருங்கல் பதித்தவை. தேய்ந்து வழுவழுவென்று கிடக்கும். மழைத் தூறலோ பனியோ பட்டால் வழுக்கும். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம். பேராலயக் கோபுரத்துக்கு 287 படிகள், குறுகலான சுழல் படிக்கட்டு. மூட்டுவலிக்காரர்கள் வீம்புக்கு ஏறாதீர்கள். டவுன் ஹால் கோபுரத்துக்கு லிப்ட் இருக்கிறது, அங்கே ஏறிப் பாருங்கள்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. சாலையை வரிக்கோட்டில் கடக்கும்போது கார் நிற்கும். டிராம் நிற்காது! அந்த நாட்டுச் சட்டப்படி நாம்தான் டிராமுக்கு வழிவிட வேண்டும். கோபுரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டே தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள். டிராம் ஏறும் முன் வாங்கிய காகித டிக்கெட்டை உள்ளே இருக்கும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்தியே ஆக வேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டியவர்கள் உண்டு.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிளம்புகிறார்களா? பாஸ்போர்ட், விசா நகலை இன்றைக்கே எடுத்து வேறு பையில் வையுங்கள், ஒன்றை மெயிலில் போட்டுவையுங்கள். அசல் பாஸ்போர்ட் உடம்போடு ஒட்டிய உள்பையில் இருக்கட்டும். செக் போலீஸ் 158, எல்லா அவசரத்துக்கும் 112. இந்த இரண்டு எண்ணையும் இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிராக்கில் இறங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்!