மூணாவதுக்கு மேல படிக்கலண்ணா: அருட்பா சண்டையும் மறுப்பு எழுதும் முறையும்

இது பேசினதைக் கொஞ்சம் வெட்டி ஒட்டி எழுத்தாக்கினது. அங்கங்கே பேச்சு வாடை அடிக்கும், பொறுத்துக்குங்க.

இன்னைக்கு விஷயம் இதுதான். ஒருத்தர் ஒண்ணு எழுதுறார். நாம படிக்கிறோம். அதில் ஏதோ தப்பு இருக்குன்னு படுது, சொல்லணும்னு தோணுது. எப்படிச் சொல்றது? எதுக்காகச் சொல்றோம்? இதைப் பேச எங்க ஊரிலேயே ஒரு பெரிய கதை இருக்கு. 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் போன கதை. நான் மஞ்சக்குப்பத்தில் பள்ளிக்கூடம் படிச்சவன், இன்ஜினியரிங் படிச்சது சிதம்பரத்தில். தினமும் அந்த வழியா பஸ்ஸில் போய் வந்தும், இருபத்தஞ்சு வயசு வரைக்கும் இந்த வழக்கைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.

அதுக்கு முன்னாடி என் கதை ஒண்ணு. கொஞ்சம் அசிங்கமான கதைதான்.

மென்பொருள் வேலையில் கோட் ரிவ்யூன்னு ஒண்ணு உண்டு. ஒருத்தர் எழுதின நிரலை இன்னொருத்தர் படித்து, வரிக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதுவார். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், புதுசா சேர்ந்த ஒரு பையன் பணம் திருப்பி அனுப்புற பகுதியை எழுதி என்கிட்ட அனுப்பினான். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து 31 குறிப்பு எழுதினேன். முதல் குறிப்பு ஒரு பெயரைப் பற்றி. "இதை யோசிச்சுதான் வெச்சியா?" என்று கேட்டிருந்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் அதே ரகம். 27-வது குறிப்புதான் உண்மையான விஷயம்: வங்கியிலிருந்து பதில் வரத் தாமதமானால் நிரல் திரும்ப முயற்சி செய்யும், அப்போது ஒரே பணம் இரண்டு தடவை போய்விடும்.

அவன் பெயர்களை எல்லாம் மாற்றினான். இன்னொருத்தரிடம் ஒப்புதல் வாங்கினான். நிரல் வெளியே போனது. பதினேழு பேருக்குப் பணம் இரண்டு தடவை போனது. மேலே இருந்து கேள்வி வந்தபோது நான் ரொம்ப நிம்மதியாக, "நான்தான் எழுதியிருந்தேனே" என்று ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான்: "மூணாவதுக்கு மேல நான் படிக்கலண்ணா."

சரி, இப்போ அந்த வழக்குக்கு வருவோம்.

இராமலிங்க அடிகள், வள்ளலார், 1823-ல் சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்தவர். வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867-ல். அதே ஆண்டு அவர் பாடல்களின் முதல் நான்கு பகுதிகள் அச்சில் வந்தன. தொகுத்தவர் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். நூலுக்குத் 'திருவருட்பா' என்று பெயர் வைத்ததும், பாடல்களைத் 'திருமுறை' என்று பகுத்ததும் அவர்தான். வள்ளலாருக்குத் தன்னைப் பெரிதாகக் காட்டுகிற பெயர்களில் விருப்பம் இல்லை. 'இராமலிங்கசாமி' என்று போடுவதில் தனக்குச் சம்மதம் இல்லை என்று அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார்.

மறுபக்கம் ஆறுமுக நாவலர். 1822-ல் யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்தவர். சும்மா ஆள் இல்லை. பழைய நூல்களைப் பிழை நீக்கி அச்சிட்டவர், தமிழ் உரைநடையை நாம் இன்று படிக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அவருக்கு உண்டு. சிதம்பரத்தில் 1864-ல் அவர் தொடங்கிய பள்ளி அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. வள்ளலார் மேல் உள்ள பிரியத்தில் நாவலரை வில்லனாக்கிக் கதை சொல்றவங்க எங்க ஊர்ப் பக்கம் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஏனென்றால் அவர் எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி. சைவத்தில் திருமுறைகள் பன்னிரண்டு. கோயிலில் பூசை முடிந்ததும் ஓதுவார் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்திலிருந்து பாடுவார். நாவலரைப் பொறுத்தவரை அருட்பா என்ற சொல் இவற்றுக்கு உரியது. உயிரோடு இருக்கிற ஒருவர் பாடியதை அதே பெயரில், அதே 'திருமுறை' என்ற பகுப்பில் அச்சிட்டு, அவற்றின் இடத்தில் வைத்துப் பாடலாமா? ஒரு நூலை எது புனிதமாக்குகிறது, அதை யார் முடிவு செய்வது? அச்சு இயந்திரம் வந்து யார் வேண்டுமானாலும் புத்தகம் போடலாம் என்றான காலத்தில், இது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. நாவலர் சொன்ன பதிலை நான் ஏற்கவில்லை. கேள்வியை மதிக்கிறேன்.

ஆனால் அது வந்த விதம்? நாவலர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் நூல் 'போலியருட்பா மறுப்பு'. தலைப்பிலேயே முதல் அடி விழுந்துவிட்டது, பாருங்க. பாடலைப் பற்றிய பேச்சு பாடினவரைப் பற்றிய பேச்சாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் இருந்தும் சளைக்காமல் பதில் வந்தது. சிதம்பரம் கோயிலில் ஒரு கூட்டம் நடந்தது. நாவலர் ஏற்கெனவே தீட்சிதர்களோடும் மோதிக்கொண்டிருந்தவர். அந்தக் கூட்டத்தில் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வள்ளலார் உள்ளே வந்ததும் நாவலரே எழுந்து நின்றார் என்று ஒரு கதை எங்க பாட்டி வரைக்கும் எல்லாரும் சொல்வாங்க. அழகான கதைதான். ஆனால் நீதிமன்றத்தின் முன் இருந்த விஷயம் யார் யாரை என்ன சொல்லித் திட்டினார் என்பதுதான். திருமுறை என்பதற்கு இலக்கணம் என்ன என்ற கேள்வியை அங்கே யாரும் தீர்த்து வைக்க முடியாது.

என்னுடைய 27-வது குறிப்பு மாதிரி, அந்தக் கேள்வி கீழே எங்கேயோ கிடந்தது.

இதில் எனக்கு ரொம்ப வியப்பான இடம் ஒன்று இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூலில், பாயிரத்தில், 'எழுவகை மதம்' என்று ஒரு பகுதி வரும். ஸ்கூலில் மனப்பாடம் பண்ணி மறந்திருப்பீங்க. மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு. ஒரு நூல் எழுதுகிறவர் பிறர் கருத்தை எதிர்கொள்ளக்கூடிய ஏழு வழிகளை அது சொல்கிறது. ஒத்துக்கொள்ளலாம். மறுக்கலாம். முதலில் ஏற்று அதோடு கூடவே நடந்து போய், பிறகு களையலாம். தானே ஒன்றை நிறுவி அதைக் கடைசி வரை தாங்கிப் பிடிக்கலாம். இரண்டு பேர் முரண்படும்போது ஒரு பக்கத்தைத் தேர்ந்து துணியலாம். பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டலாம். யாரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளலாம்.

நான் இதை மறுபடி படித்தபோது கவனித்தது, ஆறாவதில் 'பிறர் நூல்' குற்றம் என்றுதான் இருக்கிறது. பிறர் குற்றம் என்று இல்லை. திட்டுவதற்கு அந்த ஏழில் இடமே கிடையாது.

அந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஆறுமுக நாவலர். விதி தெரியாமல் நடந்த தப்பு இல்லை இது. எனக்கும் தெரியும். எங்க டீமின் ரிவ்யூ விதிமுறைகளை எழுதினதே நான்தான். "ஆளைப் பேசாதே, நிரலைப் பேசு" என்று முதல் வரி. அதை எழுதி ஆறு மாசத்தில்தான் அந்த 31 குறிப்பு.

பழைய உரையாசிரியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பரிமேலழகர் திருக்குறளுக்கு உரை எழுதும்போது, தனக்கு முந்தைய உரை ஒன்றை ஏற்காத இடத்தில் 'என்று உரைப்பாரும் உளர்' என்பது போல் ஒரு வரியில் அதைச் சொல்லிவிட்டு, ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டுவார். ஆளின் பெயர் வராது. எதிராளி சொன்னது என்ன என்று படிப்பவருக்குத் தெரியும், மறுப்பு என்ன என்றும் தெரியும். இரண்டையும் வைத்து நாமே தீர்மானிக்கலாம். அந்த உரையை எழுதியவர் படித்திருந்தாலும் அவமானப்பட்டிருக்க மாட்டார், வாதம் பண்ண உட்கார்ந்திருப்பார்.

அதுக்காக எப்பவும் மெதுவாகத்தான் பேசணும் என்று இல்லை. சிவஞான முனிவர் 'இலக்கண விளக்கச் சூறாவளி' என்றே ஒரு கண்டன நூல் எழுதினார். பெயரைப் பார்த்தாலே காரம் தெரியுது. ஆனால் இலக்கண விளக்கத்தில் இந்த இடம், இந்த விதி, இது இப்படித் தப்பு என்று விரல் வைத்துக் காட்டுவதால், மேலே உள்ள காரத்தை வடித்துவிட்டாலும் அடியில் வாதம் மிஞ்சும். நான் இப்போது இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்கிறேன். எழுதின குறிப்பில் உள்ள கடுப்பை எல்லாம் எடுத்துவிட்டுப் படிப்பேன். எதுவும் மிச்சம் இல்லையென்றால் அதை அனுப்புவதில்லை. சிரிக்காதீங்க, பாதி குறிப்பு காணாமப் போயிடும்.

யார் சொன்னதுக்கு யாரைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 'திருவருட்பா' என்ற பெயரும் 'திருமுறை' என்ற பகுப்பும் தொகுத்தவர் செய்தவை. அடி விழுந்ததோ பாடியவர் மேல். முழுசாகப் படிப்பது, முன்னுரையைப் படிப்பது, அட்டையில் யார் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது, இதெல்லாம் மறுப்பு எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலை. சொந்தப் பெயரில் எழுதுவதும் அப்படித்தான். நம் பெயர் கீழே இருந்தால் கை தானாகக் கொஞ்சம் அடங்கும்.

அடுத்து, வக்காலத்து. இந்தச் சண்டையில் வள்ளலார் எழுதியதைவிட அவருக்காக மற்றவர்கள் எழுதியது மிக அதிகம். வள்ளலார் 1874-லும் நாவலர் 1879-லும் போய்விட்டார்கள். சண்டை போகவில்லை. 1900-களின் தொடக்கத்தில் சென்னையில் மறுபடி மூண்டது. யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கம். மறைமலை அடிகள் எதிர்ப்பக்கம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த இஸ்லாமியப் புலவர் செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாவுக்காக மேடை ஏறினார். கண்டனம், அதுக்கு மறுப்பு, மறுப்புக்குக் கண்டனம் என்று துண்டு நூல்கள் வந்துகொண்டே இருந்தன. ஆய்வாளர் ப. சரவணன் 'அருட்பா மருட்பா: கண்டனத் திரட்டு' என்று அவற்றைத் தொகுத்திருக்கிறார். தடிமனான புத்தகம். படித்தால் சில இடங்களில் தமிழின் வசைச் செல்வம் பற்றிப் பெருமையும், உடனே வெட்கமும் வரும்.

மறுபடியும் கோர்ட்டு. கதிரைவேற்பிள்ளையின் மாணவர் ஒருவர் தன் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போனார். அதனால் பள்ளி இறுதித் தேர்வு எழுத முடியவில்லை, படிப்பு அதோடு நின்றது. அந்த மாணவர் திரு.வி.க. அவர் பிற்காலத்தில் பெரிய ஆளானதால் இன்று நாம் இதை ஒரு சுவையான தகவலாகச் சொல்கிறோம். அன்றைக்கு அந்த வீட்டில் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். முப்பது, நாற்பது வருஷம் முன்னாடி வேறு இரண்டு பேர் ஆரம்பித்த சண்டைக்கு இந்தப் பையன் கொடுத்த விலை அது.

பாராட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் புத்தகங்களைத் திறந்தால் முதல் பத்துப் பக்கம் சாற்றுகவிதான். நண்பர்கள், மாணவர்கள், சம்பந்தி, எல்லாரும் ஆளுக்கொரு வெண்பா. நூலைப் படிக்காமலே எழுதக்கூடியவை. நம்ம "சூப்பர் ப்ரோ"வின் தாத்தா. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, பிரயோஜனமும் இல்லை. "நாலாவது பக்கத்து உதாரணம் எனக்குப் புரிஞ்சுது, ஏழாவது பக்கத்துல தொலைஞ்சு போனேன்" என்று ஒருத்தர் சொன்னால், எழுதியவருக்கு அந்த ஒரு வரி பத்து வெண்பாவுக்குச் சமம்.

அந்தப் பையன் விஷயத்தை முடிச்சிடறேன். மறுநாள் டீக்கடையில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான். பரவாயில்லை என்று அவன் முகம் சொல்லவில்லை. ஒரு மாசம் என்னிடம் எதையும் அனுப்பவில்லை. பிறகு ஒருநாள் ஒரு நிரல் அனுப்பினான். இரண்டு குறிப்புதான் எழுதினேன், பெரிய விஷயம் எதுவோ அதை மேலே வைத்து. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "முதல் குறிப்பு சரிண்ணா, மாத்திட்டேன். ரெண்டாவது தப்பு, நீங்க பழைய பதிப்பைப் பார்த்திருக்கீங்க."

போய்ப் பார்த்தேன். பழைய பதிப்புதான்.