பழைய பிளேடு எங்கே போகிறது?

காலை எட்டு மணி. புனே நகரின் வடகிழக்கில் விஷ்ராந்த்வாடி இருக்கிறது. ஆளந்திக்குப் போகும் சாலையில் பேருந்துகளும் ஆட்டோக்களும் ஓடத் தொடங்கிவிட்டன. சாலை ஓரத்தில் ஒரு முடிதிருத்தும் கடை திறந்திருக்கிறது.

வேலைக்குப் போகும் ஒருவர் உள்ளே வருகிறார். நாற்காலியில் உட்காருகிறார். கடைக்காரரிடம் மராத்தி மொழியில் சொல்கிறார்.

"நவீன் பிளேட் லாவா."

"புது பிளேடு போடுங்கள்" என்று இதற்குப் பொருள். இன்று எல்லா ஊர்களிலும் இப்படித்தான் கேட்கிறார்கள். மதுரையிலும் கேட்கிறார்கள். சேலத்திலும் கேட்கிறார்கள்.

கடைக்காரர் ஒரு புதிய பிளேடை எடுக்கிறார். காகித உறையைப் பிரிக்காமலே அதை நீளவாக்கில் இரண்டாக ஒடிக்கிறார். ஒரு பாதியைக் கத்தியில் மாட்டுகிறார். சவரம் முடிகிறது. வந்தவர் முகத்தைத் தடவிப் பார்க்கிறார். காசு கொடுத்துவிட்டுப் போகிறார்.

புது பிளேடை அவர் கண்ணால் பார்த்தார். பழைய பிளேடு எங்கே போனது என்று பார்க்கவில்லை.

சில கடைகளில் அது கண்ணாடியின் கீழே உள்ள பலகையில் கிடக்கும். சில கடைகளில் தரையில் விழும். அங்கே வெட்டிய முடி குவிந்து கிடக்கிறது. முடிக்குள் பிளேடு மறைந்துவிடும். கடையைக் கூட்டும்போது இரண்டும் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போகும்.

அந்தப் பை அடுத்து யார் கைக்குப் போகிறது?

வண்டி தள்ளி வரும் பெண்

புனேயில் பெரும்பாலான பகுதிகளில் குப்பை வாங்குவதற்குப் பெண்கள் வருகிறார்கள். தள்ளுவண்டியோடு வீடு வீடாக, கடை கடையாகப் போகிறார்கள். "மாவ்ஷி" என்று மக்கள் இவர்களைக் கூப்பிடுகிறார்கள். மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி, பெரியம்மா.

இவர்கள் குப்பையை வாங்குவதோடு வேலை முடிவதில்லை. அதைக் கையால் பிரிக்கிறார்கள். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் என்று தனித்தனியாக எடுக்கிறார்கள். அவற்றை விற்றால்தான் கூடுதல் வருமானம் கிடைக்கும்.

இந்தப் பெண்களின் கதை எழுத்தறிவோடு தொடர்பு உடையது. 1990-ஆம் ஆண்டு வாக்கில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் புனேயில் முதியோர் கல்விப் பணி செய்தார்கள். லட்சுமி நாராயண், பூர்ணிமா சிக்கர்மானே ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். குப்பை பொறுக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கப் போனார்கள். அங்கே அவர்களின் கஷ்டத்தை நேரில் பார்த்தார்கள். குப்பைத் தொட்டிக்குள் கை விட்டுத் துழாவுவதுதான் அந்தப் பெண்களின் பிழைப்பு. உடைந்த கண்ணாடி கையைக் கிழிக்கும். ஊசி குத்தும். பிளேடு அறுக்கும்.

1993-ஆம் ஆண்டு இந்தப் பெண்கள் ஒன்று கூடினார்கள். தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். தொழிலாளர் தலைவர் பாபா ஆதவ் இதற்குத் துணை நின்றார். சங்கத்தின் பெயர் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்'. காகத் என்றால் காகிதம். காச் என்றால் கண்ணாடி. பத்ரா என்றால் தகரம். கஷ்டகரி என்றால் பாடுபட்டு உழைப்பவர்.

2008-ஆம் ஆண்டு 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு உருவானது. புனே மாநகராட்சி அதனுடன் ஒப்பந்தம் செய்தது. வாசலுக்கே வந்து குப்பை வாங்கும் முறை பரவியது. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இதில் சேர்ந்து வேலை செய்தார்கள். தெருத் தொட்டிக்குள் கை விட வேண்டிய நிலை குறைந்தது.

ஆனால் பைக்குள் மறைந்திருக்கும் பிளேடு இன்னும் கையை அறுக்கிறது. அரை பிளேடின் எடை ஒரு கிராம்கூட இல்லை. விற்றாலும் காசு கிடைக்காது. அதனால் அதை யாரும் தேடி எடுப்பதில்லை. அதுதான் கையைத் தேடி வந்து வெட்டுகிறது. விரல் வெட்டுப்பட்டால் அன்று குப்பை பிரிக்க முடியாது. அன்றைய வருமானம் போய்விடும்.

பிளேடு வந்த கதை

முன்பு முடிதிருத்துபவரிடம் ஒரு நீளக் கத்தி இருந்தது. சாணைக் கல்லிலும் தோல் வாரிலும் அதைத் தீட்டுவார். எல்லாருக்கும் அதே கத்திதான். குப்பையில் போட எதுவும் இல்லை.

அமெரிக்காவில் ஜில்லெட் என்பவர் மெல்லிய எஃகுத் தகட்டில் பிளேடு செய்தார். 1904-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். மழுங்கினால் தீட்ட வேண்டாம், தூக்கிப் போடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. ஆனால் எங்கே போடுவது? அமெரிக்காவில் பல வீடுகளில் குளியலறைச் சுவரில் ஒரு சின்னத் துளை வைத்தார்கள். பழைய பிளேடை அதற்குள் போட்டார்கள். அது சுவருக்குள்ளேயே விழுந்து கிடந்தது. பல ஆண்டுகள் கழித்து வீட்டை இடித்தவர்கள் சுவருக்குள் துருப்பிடித்த பிளேடுக் குவியலைக் கண்டார்கள். கண்ணுக்கு மறைந்ததால் பிளேடு இல்லாமல் போய்விடவில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986-ஆம் ஆண்டு சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு எய்ட்ஸ் பற்றிய பிரசாரம் ஊர் ஊராக நடந்தது. ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போடக் கூடாது என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். இது நல்ல மாற்றம். இதனால் நாற்காலியில் உட்காருபவருக்குப் பாதுகாப்பு வந்தது. ஆனால் குப்பையில் விழும் பிளேடுகளும் பெருகின.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கடையில் நாளுக்கு 15 பேர் சவரம் செய்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 15 அரை பிளேடுகள். மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் 390. ஆண்டுக்கு 4,680. இப்படிப் பத்துக் கடைகள் இருந்தால் 46,800.

வெட்டினால் என்ன ஆகும்?

வெட்டுக் காயம் சின்னதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சவரம் செய்த பிளேடில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் இருக்கலாம். இரத்தத்தில் நோய்க் கிருமி இருக்கலாம்.

அதிகம் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி. இது கல்லீரலைத் தாக்கும் கிருமி. உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். இன்று போட்ட பிளேடு மூன்று நாள் கழித்து வெட்டினாலும் ஆபத்து உண்டு. எச்.ஐ.வி. கிருமி உடலுக்கு வெளியே அவ்வளவு தாங்காது. குப்பையில் கிடக்கும் பிளேடால் அது பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. குப்பையும் மண்ணும் பட்ட காயத்தில் டெட்டனஸ் நோயும் வரலாம்.

ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. பெரியவர்களுக்கு ஆறு மாதத்தில் மூன்று முறை போடுவார்கள். முடிதிருத்துபவர்களும் குப்பை எடுப்பவர்களும் இதைப் போட்டுக்கொள்வது நல்லது.

டப்பா தயார் செய்வது எப்படி?

மருத்துவமனைகளில் ஊசியையும் பிளேடையும் குப்பையோடு போடுவதில்லை. குத்தினாலும் துளை விழாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. முடிதிருத்தும் கடையிலும் இதைப் போல ஒரு டப்பா வைக்கலாம். செலவு இல்லை.

மூடி உள்ள பழைய தகர டப்பா போதும். மூடியில் ஐந்து சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை வெட்ட வேண்டும். பிளேடு உள்ளே போகும். விரல் போகாது. துளையின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டி மழுக்கிவிட வேண்டும். பிறகு மூடியைச் சுற்றிலும் டேப் ஒட்ட வேண்டும்.

தகர டப்பா இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் போதும். தரை துடைக்கும் மருந்து வரும் பாட்டிலைப் பயன்படுத்தலாம். குடிதண்ணீர் பாட்டில் மெல்லியது. அது கூடாது.

டப்பாவின் மேல் 'பிளேடு' என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கூடவே ஒரு சிவப்புப் பொட்டு வைக்க வேண்டும். புனேயில் சானிடரி நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் பொட்டு வைத்துத் தரும்படி ஸ்வச் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் பொட்டு எச்சரிக்கை சொல்லும். பிளேடு டப்பாவுக்கும் அது பொருந்தும்.

பிளேடைக் கழற்றுவது எப்படி?

1. டப்பா கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

2. சவரம் முடிந்ததும் கத்தியில் உள்ள நுரையைக் காகிதத்தில் துடைக்க வேண்டும். கத்தியின் முதுகுப் பக்கத்தில் தொடங்கி கூர் பக்கம் நோக்கித் துடைக்க வேண்டும். புறங்கையில் துடைக்கக் கூடாது.

3. பிளேடைக் கழற்றும்போது பேச்சை நிறுத்த வேண்டும். கண் கத்தியின் மேல் இருக்க வேண்டும்.

4. கத்தியை டப்பாவின் துளைக்கு நேராகப் பிடிக்க வேண்டும். கூர் பக்கம் உடம்பைப் பார்க்கக் கூடாது. பூட்டைத் திறந்து, பிளேடை நேராக உள்ளே விழவிட வேண்டும்.

5. பிளேடு ஒட்டிக்கொண்டால் சின்ன இடுக்கியால் இழுக்க வேண்டும். நகத்தால் நெம்பக் கூடாது.

6. மீதிப் பாதி பிளேடு காகித உறைக்குள்ளேயே இருக்கட்டும். பலகையில் திறந்து வைக்கக் கூடாது.

7. டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் துளையை டேப்பால் ஒட்டி மூட வேண்டும். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு டப்பாவை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

தவறி ஒரு பிளேடு தரையில் விழுந்தால் முடிக்குள் கை விட்டுத் தேட வேண்டாம். பழைய ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, முடிக் குவியலின் மேல் மெல்ல நகர்த்தினால் போதும். பிளேடு எஃகு. காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும்.

செய்யக் கூடாதவை

பிளேடைச் சாக்கடையில் போடக் கூடாது. அடைப்பு எடுப்பவரின் கையிலும் காலிலும் வெட்டும். எரிக்கக் கூடாது. தீயில் எஃகு அழியாது. கடையின் பின்னால் புதைக்கவும் கூடாது. மழையில் மண் கரைந்தால் பிளேடு மேலே வரும். அங்கே பிள்ளைகள் விளையாடலாம். வெறும் காகிதத்தில் மட்டும் சுற்றிப் போடக் கூடாது. நனைந்தால் காகிதம் கிழிந்துவிடும்.

மூடிய டப்பாவை மற்றக் குப்பையோடு கலக்கக் கூடாது. குப்பை வாங்க வருபவர் கையில் தனியாகத் தர வேண்டும். "மாவ்ஷி, இதில் பிளேடு இருக்கிறது. திறக்காதீர்கள்" என்று வாயாலும் சொல்ல வேண்டும். அவர் அதைத் தனியாக வைத்துக்கொள்வார்.

வெட்டிவிட்டால்

காயத்தை வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. பிதுக்கக் கூடாது. ஓடும் நீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவ வேண்டும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். "பழைய சவர பிளேடு வெட்டியது" என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த ஊசி தேவை என்று அவர் முடிவு செய்வார். காயம் ஆறட்டும் என்று காத்திருந்தால் ஊசி போட வேண்டிய நேரம் தவறிவிடும்.

சவரம் செய்துகொள்ள வருபவருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. "புது பிளேடு போடுங்கள்" என்று கேட்பது தன் நலத்துக்காக. "பழைய பிளேடை எதில் போடுகிறீர்கள்?" என்று கேட்பது வண்டி தள்ளி வரும் பெண்ணின் விரலுக்காக. நான்கு பேர் கேட்டால் கடையில் டப்பா வந்துவிடும்.

சொல்லுங்கள் பார்க்கலாம்

1. 'காகத் காச் பத்ரா' என்ற சொற்களுக்குப் பொருள் என்ன?

2. உலர்ந்த இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி குறைந்தது எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

3. ஒரு கடையில் நாளுக்கு 20 பேர் சவரம் செய்துகொள்கிறார்கள். 25 நாளில் எத்தனை அரை பிளேடுகள் சேரும்?

4. உங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் பழைய பிளேடு எங்கே போகிறது? விசாரித்து எழுதுங்கள்.