சுபாவம் மாறும் கரைப்பான்

டைகுளோரோமீத்தேன், பெர்குளோரோஎத்திலீன் முதலான 25 வஸ்துக்களைக் குறித்த அளவுக்கு மேல் உபயோகிக்கும் அல்லது வெளியேற்றும் தொழிற்கூடங்கள் ஆண்டுதோறும் அதை அறிவிக்க வேண்டுமென்று, ரொறன்ரோ நகரசபை 2008-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. அப்பட்டியலில் கரைப்பான்கள் சில இடம்பெற்றிருப்பதில் வியப்பில்லை. மருந்து உற்பத்தியில் புகுத்தப்படும் பொருள்களின் எடையில் பெரும்பங்கு, தான் மருந்தாக மாறாமல், வினை நடப்பதற்கு இடங்கொடுத்துப் பின்னர் நீக்கப்படும் கரைப்பானேயாகும்.

நல்ல கரைப்பானைத் தேர்பவர் முதலில் நோக்குவது அதன் நஞ்சையும் தீப்பற்றும் இயல்பையும்தான். அது அவசியமே; எனினும், கரைத்த பொருளிலிருந்து அதை மீட்க எவ்வளவு பிரயாசை வேண்டும் என்பதும் அதற்குக் குறையாத முக்கியத்துவம் உடையது என்பது என் துணிபு. சோயா எண்ணெய் ஆலைகளைப் பாருங்கள்: அங்கே பருப்பிலிருந்து எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன், சுமார் 69 பாகை செல்சியஸில் கொதிப்பதால் எண்ணெயை விட்டு எளிதில் நீங்குகிறது; ஆனால் எளிதில் ஆவியாகும் அந்தக் குணமே அபாயத்துக்கும் காரணமாகிறது. 1981 பிப்ரவரியில், அமெரிக்காவின் லூயிவில் நகரில் சோயா ஆலையொன்றிலிருந்து சாக்கடைக்குள் இறங்கிய ஹெக்சேன் வெடித்து வீதிகளையே பிளந்தது.

ரொறன்ரோவிலிருந்து ஏரிக்கரையோடு கிழக்கே சென்றால் வரும் கிங்ஸ்டனில், குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் ஜெசாப்பின் குழுவினர் 2010-இல் வேறொரு மார்க்கம் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்ட அமிடின் என்னும் திரவம் சாதாரண நிலையில் நீரோடு கலவாது. எண்ணெயைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். எண்ணெய் கரைந்த அத்திரவத்தோடு நீரைச் சேர்த்துக் கரியமில வாயுவைக் குமிழியிட விட்டால், வாயுவும் நீரும் அமிடினோடு வினைபுரிந்து உப்பாக, அவ்வுப்பு நீரில் கரைந்து இறங்க, தனித்துவிடப்பட்ட எண்ணெய் மேலே மிதக்கிறது. எண்ணெயை வடித்த பின், நீரைச் சூடாக்கி, வேறொரு வாயுவைச் செலுத்திக் கரியமில வாயுவை விரட்டினால், அமிடின் மறுபடியும் பழைய சுபாவத்தை அடைந்து தனிப்படலமாகப் பிரிந்து, அடுத்த பருப்புக்குத் தயாராகிறது. கரைப்பானைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் வேலை இதில் இல்லை.

ஆயினும் எளிதில் ஆவியாகாத திரவம் எண்ணெயிலும் நீரிலும் சிறிது தங்கிவிடக்கூடும். உண்ணும் பொருளில் அது சிறு விஷயமன்று. தவிரவும் அமிடினை உண்டாக்குவதற்கே பல படிகள் தேவை. ஆகையால் பின்வந்த ஆராய்ச்சிகள், எளிதில் கிடைக்கும் சாதாரண அமைன்களின் பக்கம் திரும்பின.