துறைசார் மின்தரவுகளை இடம்பிரித்துப் பேணுதல்

தமிழ்த்துறைகளின் ஆய்வு மூலங்களுள் கணிசமான பகுதி இன்று மின்தரவுகளாகவே உள்ளது. ஓலைச்சுவடிகளின் படிமங்கள், களஆய்வில் பதிவுசெய்யப்பெற்ற நாட்டார் பாடல்கள், வட்டார வழக்குச் சொற்றொகுதிகள் முதலியன இதனுள் அடங்கும். அச்சு நூலை மீண்டும் வாங்கலாம். பாடியவர் மறைந்தபின் அவர்தம் ஒப்பாரியை மீண்டும் பதிவுசெய்தல் இயலாது.

மூலத்தைத் துறைக் கணினியிலும் படியை அதே அறையின் அலமாரியிலுள்ள வன்தட்டிலும் வைப்பின், தீயையும் வெள்ளத்தையும் பொறுத்தவரை அவை இரண்டல்ல, ஒன்றே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவை நிலையாக மறைந்தன. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகர அரசுத் தரவு மையத்தில் தீப்பற்றியபோது, வெளியிடத்தில் படியில்லாத சேமிப்பகம் ஒன்றிலிருந்த 858 டெராபைட் அலுவல் தரவு அழிந்தது. மாறாக, உ.வே. சாமிநாதையர் சங்க நூல்களைப் பதிப்பிக்க முடிந்தமைக்கு, ஏடு பெயர்த்தெழுதும் வழக்கத்தால் அவற்றின் சுவடிகள் பல ஊர்களில் பரவிக் கிடந்ததும் ஒரு காரணமாகும்.

மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வெளியிடத்தில் என்பது கணினித் துறையில் வழங்கும் எளிய நெறி. வெளியிடம் என்பது அடுத்த கட்டடமன்று. கடற்கரை நகரத் துறையொன்றின் படி, அதே புயல் எட்டாத உள்நாட்டு நகரில் இருத்தல் வேண்டும். மேகச் சேமிப்பின் தானியங்கி ஒத்திசைவைக் காப்புப்படியாகக் கொள்வது பிழை. இங்குத் தவறுதலாக அழித்த கோப்பு அங்கும் அழிக்கப்பெறும், மீட்பதற்குக் கிடைப்பது வரையறுக்கப்பெற்ற காலமே. கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பெற்ற வன்தட்டைப் பணயத் தீநிரலும் தொட முடியாது.

வெளியே செல்லும் படியில் தகவலாளிகளின் பெயரும் குரலும் இருப்பதால் அதனை மறையாக்கம் செய்தல் கட்டாயம். ஆயின் திறவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருத்தலாகாது (துறைத்தலைவரோடு அதுவும் ஓய்வுபெற்றுவிடும்). அதனை எழுதி, முத்திரையிட்ட உறையில், வன்தட்டு இருக்கும் இடத்திலன்றி வேறோரிடத்தில் வைத்தல் தகும்.

படி எடுத்ததோடு பணி முடிவதில்லை. ஆண்டுக்கு இருமுறையேனும் சில கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். தமிழ்த் தரவுகளுக்குத் தனியே ஓர் இடர் உண்டு. ஒருங்குறிக்கு முந்திய டாப், டாம், பாமினி முதலிய குறியாக்கங்களில் தட்டச்சிடப்பெற்ற கோப்பு பழுதின்றி மீண்டாலும், உரிய எழுத்துரு இல்லையேல் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். எனவே எழுத்துருக் கோப்பையும் ஒருங்குறிக்கு மாற்றிய வடிவத்தையும் மூலத்தோடு சேர்த்தே அனுப்புதல் வேண்டும். மாற்றத்தில் பிழை நேர்ந்திருப்பின் ஒப்புநோக்க மூலக் கோப்பு தேவைப்படும்.