வெந்தயம் வந்த வழி: பில் சொன்ன சாட்சி

மளிகைக் கடையில் வெந்தயம் ஒரு சாதாரணச் சரக்கு. 100 கிராம், 50 கிராம் என்று மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுகிறோம். அந்த வெந்தயம் 2011-ஆம் ஆண்டு ஐரோப்பாவையே கலங்க வைத்தது. அந்தச் சம்பவத்தில் வணிகர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது.

அந்த ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் வட பகுதியில் ரத்தப்போக்குடன் கூடிய வயிற்றுப்போக்கு பரவியது. காரணம் ஈ.கோலி இனத்தைச் சேர்ந்த ஒரு கொடிய பாக்டீரியா. 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களில் 800-க்கும் அதிகமானோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பழி சுமந்த வெள்ளரி

மே 26-ஆம் தேதி ஹாம்பர்க் நகர சுகாதார அதிகாரிகள், ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயில் கிருமி இருப்பதாக அறிவித்தனர். உடனே வியாபாரம் படுத்தது. பறித்த காய்களை வாங்க ஆளின்றி ஸ்பெயின் விவசாயிகள் குப்பையில் கொட்டினார்கள். சில நாட்களிலேயே, வெள்ளரியில் கண்டது வேறு வகைக் கிருமி, நோயைப் பரப்பியது அதுவல்ல என்று தெரியவந்தது. ஆனால் போன வியாபாரம் திரும்பவில்லை. காய்கறி விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ நிவாரணம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

உண்மை தெரிந்தது எப்படி?

நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, முளைகட்டிய பயறு வகைகளைச் சொன்னவர்கள் நான்கில் ஒருவர்தான். தட்டில் அலங்காரமாகத் தூவியதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

அதனால் ராபர்ட் கோக் நிறுவன ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். ஓர் உணவகத்துக்குக் குழுக்களாக வந்து சாப்பிட்ட 150-க்கும் மேற்பட்டோரின் ஆர்டர்களை பில்கள், புகைப்படங்கள் மூலம் சரிபார்த்தனர். எந்தப் பதார்த்தத்தில் என்ன சேர்த்தார்கள் என்று சமையல்காரரிடமே கேட்டனர். நோயுற்றவர்கள் அத்தனை பேரின் தட்டிலும் முளைகட்டிய விதைகள் இருந்தன.

நோய் கண்ட 41 இடங்களுக்குப் போன சரக்கை, வாங்கிய பில், விற்ற பில் என்று பின்னோக்கிப் பார்த்தபோது, எல்லா வழியும் கீழ் சாக்சனி மாநிலத்தில் விதை முளைகட்டி விற்ற ஒரே பண்ணையில் போய் முடிந்தது. ஜூன் 10-ஆம் தேதி அரசு இதை அறிவித்தது. அதே மாதம் பிரான்ஸில் போர்தோ நகருக்கு அருகிலும் சிலர் நோயுற்றனர். அவர்கள் சாப்பிட்டது அந்தப் பண்ணையின் சரக்கு அல்ல. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது, 2009-இல் எகிப்திலிருந்து வந்திறங்கிய 15,000 கிலோ வெந்தயம் கொண்ட ஒரே லாட். அதில் அந்தப் பண்ணைக்குப் போனது சுமார் 75 கிலோ மட்டுமே.

கவனிக்க வேண்டியது ஒன்று: பரிசோதனைச் சாலையில் விதையில் அந்தக் கிருமி அகப்படவே இல்லை. வந்த வழியைக் காட்டியது பில்லும் லாட் எண்ணும்தான்.

நாம் செய்ய வேண்டியவை

உலர்ந்த விதையில் கிருமி நெடுநாள் உயிரோடு ஒடுங்கிக் கிடக்கும். ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்து விதை முளைக்கும்போது அதுவும் பல மடங்கு பெருகும். நன்கு கொதிக்க வைத்தால் செத்துவிடும். ஆகவே குழம்பில் போடும் வெந்தயத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. முளைகட்டிய பயறு விற்பவர்கள் சுத்தமான தண்ணீரையும் பாத்திரத்தையும் பயன்படுத்தி, குளிர்பெட்டியில் வைத்து, அன்றன்றே விற்றுவிட வேண்டும். வேகவைத்துச் சாப்பிடும்படி வாடிக்கையாளரிடம் சொல்வதும் நல்லது.

கொள்முதல் பில் இல்லாமல் சரக்கு இறக்காதீர்கள். மூட்டை மீதுள்ள லாட் எண்ணையும் வந்த தேதியையும் குறித்து வையுங்கள். பழைய மூட்டையின் மிச்சத்தைப் புதிய மூட்டையில் கொட்டாதீர்கள். கொட்டினால் இரண்டின் வழியும் தெரியாமல் போகும். யாரிடமிருந்து வாங்கியது என்று காட்ட முடியாத உணவுப் பொருளுக்கு விற்றவரே பொறுப்பு என்று நமது உணவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

வெள்ளரி மீது விழுந்த பழி நாளை எந்தச் சரக்கின் மீதும் விழலாம். அன்று நமக்காகப் பேசப்போவது நமது கணக்குதான். பில்லைப் பத்திரமாக வையுங்கள், வணிக அன்பர்களே!